வரப்பு மரம், வயலுக்கு உரம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மண்வளம் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதன்முதலா தொடங்கினது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான். 1989-ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கினாங்க. அப்ப கிருஷ்ணகிரியும் நம்மோட சேர்ந்து ஒரே மாவட்டம். அன்னைக்கு ஒரு பிடி அரிசி, ஒரு ரூபாய்னு சேர்த்து வைக்கப் பழகினவங்க இன்னைக்கு வங்கியில கணக்கு வச்சு, கடன் வாங்கி, தவணை தப்பாம கட்டுறோம். அந்தப் பெருமையைப் பத்திப் பேச இந்த மேடையில நிறைய பேர் இருக்காங்க. நான் பேச வந்தது இன்னொரு சேமிப்பைப் பத்தி. அது நம்ம கொல்லை மண்ணுல இருக்கிற சேமிப்பு. வருஷா வருஷம் அதிலிருந்து எடுத்துக்கிட்டே இருக்கோம். திருப்பிப் போடுறது குறைஞ்சு போச்சு.

ஒண்ணு கேட்கிறேன், மனசுக்குள்ளயே பதில் சொல்லிக்குங்க. ஆடி பொறந்தா குழுவுல கடன் கேட்கிறோமே, அதுல எவ்வளவு உரக்கடைக்குப் போகுது? டி.ஏ.பி. ஒரு மூட்டை 1,350 ரூபாய். காம்ப்ளக்ஸ் இன்னும் மேல. உரம் போட்ட அளவுக்கு ராகியோ கடலையோ கூடி வந்துச்சா? வரலைன்னா உரத்தைக் குறை சொல்றதா, மழையைக் குறை சொல்றதா? ரெண்டுக்கும் நடுவுல மண்ணுன்னு ஒண்ணு இருக்கு. அதை முதல்ல பார்ப்போம்.

ரெண்டு டம்ளர், ரெண்டு மண்கட்டி

மேசை மேல ரெண்டு கண்ணாடி டம்ளர் வச்சிருக்கேன். ரெண்டுலயும் தண்ணி. இது நம்ம ஊர்க் கொல்லையில நடுவுல எடுத்த காய்ஞ்ச மண்கட்டி. இது அதே கொல்லையில, வரப்போரம் நிக்கிற புங்க மரத்தடியில எடுத்தது. ரெண்டும் நெல்லிக்காய் அளவுதான், ரெண்டும் செம்மண்தான். இப்ப மெதுவா உள்ள விடுறேன். முன்வரிசையில இருக்கிறவங்க பார்த்துச் சொல்லுங்க. கொல்லை நடுவுல எடுத்த கட்டி கரைஞ்சு, தண்ணி சிவப்பாயிடுச்சு. மரத்தடி மண் இன்னும் கட்டியாவே உட்கார்ந்திருக்கு.

இதுல மந்திரம் எதுவும் இல்ல. இலையும் வேரும் மக்கும்போது, அதைத் தின்னுற நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் ஒரு பசை மாதிரி விடுது. அந்தப் பசைதான் மண்துகள்களைப் பிடிச்சு வைக்குது. பசை இல்லாத மண்ணுல முதல் மழை அடிச்சதும் கட்டி கரைஞ்சு, சேறு இறங்கி, மண்ணோட கண்ணை அடைச்சிடும். அப்புறம் வெயில் அடிச்சா மேல ஏடு கட்டி இறுகிடும். ராகி முளை அந்த ஏட்டை முட்டி மேல வர முடியாம உள்ளேயே செத்துப் போறதை எல்லாரும் பார்த்திருக்கோம். அடுத்த மழை உள்ள இறங்காது, மேலேயே ஓடிடும். ஓடுற தண்ணி மேல்மண்ணையும் கூட்டிக்கிட்டுப் போகும். நம்ம போட்ட உரமும் அதோடதான் போகும்.

இந்தச் சோதனையை வீட்டுல செய்து பாருங்க. காசு செலவு இல்ல. சில்வர் டம்ளர்ல போட்டா தெரியாது, கண்ணாடி டம்ளர் வேணும். கட்டி நல்லா காய்ஞ்சிருக்கணும்.

மண் பரிசோதனை அட்டையில அங்ககக் கரிமம்னு ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் நாம தழை, மணி, சாம்பல் மூணையும் பார்த்துட்டு மடிச்சு வச்சிடுவோம். அந்தக் கரிம வரியையும் பாருங்க. 0.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா குறைவு. 0.5-ல இருந்து 0.75 வரைக்கும் நடுத்தரம். அதுக்கு மேல இருந்தா நல்ல மண். டம்ளர்ல கரையுற மண்ணுக்கும் கரையாத மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெருமளவு இந்த ஒரு வரியிலதான் இருக்கு.

எங்க போச்சு?

முன்ன வீட்டுக்கு வீடு ஏர்மாடு இருந்துச்சு, குப்பைக்குழி இருந்துச்சு. இப்ப டிராக்டர் வந்து உழுதுட்டுப் போகுது. டிராக்டர் சாணி போடாது. இருக்கிற கொஞ்சம் சாணியிலயும் ஒரு பங்கு வரட்டியாகி அடுப்புக்குப் போகுது. நெல்லு வயலுக்கு நடவுக்கு முன்னாடி புங்கம், வேம்பு, எருக்கு, ஆவாரை எல்லாம் கொண்டு வந்து தழை மிதிப்பாங்க. இப்ப மிதிக்கிறதும் இல்ல, மிதிக்கத் தழையும் இல்ல.

நம்ம மாவட்டத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது புளி. புளியம்பழம் பொறுக்க வசதியா மரத்தடியைக் கூட்டிக் கூட்டித் தீ வைக்கிறோம். மாந்தோப்புலயும் அதேதான். தீ வச்சா சாம்பல்ல இருக்கிற சத்து மட்டும்தான் ஓரளவு தங்கும். தழைச்சத்தும் கரிமமும் புகையாப் போயிடும். மரம் வருஷம் முழுக்க உழைச்சுச் சேர்த்ததை ஒரு தீக்குச்சியில முடிச்சிடுறோம். கூட்டின சருகை ஒரு மூலையில குவிச்சு, கொஞ்சம் சாணிக் கரைசல் தெளிச்சு, ஈரம் காயாம வச்சா அதுவே எருவாகும். இதுக்கு எந்தத் திட்டமும் வர வேண்டியதில்ல.

எல்லா மரமும் மண்ணுக்கு உழைக்காது

"வரப்புல மரம் வச்சா மண் நல்லாகும்"னு பொதுவா சொல்லிட்டுப் போயிடுறாங்க. அதை நம்பி தேக்கோ தைலமரமோ வச்சிட்டு, பக்கத்துல நாலு சால் பயிர் குட்டையாப் போனதும், "மரமே வேண்டாம்"னு வெட்டிப் போட்டவங்க உண்டு. பணத்துக்கு வைக்கிற மரம் வேற, மண்ணுக்கு வைக்கிற மரம் வேற. இதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

தேக்கு, மகோகனி, மலைவேம்பு பணத்துக்கு. நம்ம குழுவுல நிரந்தர வைப்பு போடுற மாதிரி, பல வருஷம் கழிச்சுக் கிடைக்கும். அது நல்லதுதான். ஆனா அந்த மரத்துல இருந்து வருஷா வருஷம் வயலுக்கு எதுவும் பெரிசா வராது. புளி, மா, நெல்லி பழத்துக்கு. வெள்வேல் ஆட்டுக்கு நெத்து கொடுக்கும், சூபாபுல் மாட்டுக்குத் தழை கொடுக்கும். மண்ணுக்குன்னே வைக்க வேண்டியது தழை நிறைய விடணும், வெட்ட வெட்டத் துளிர்க்கணும், வேர்ல முடிச்சு இருக்கணும்.

வேர் முடிச்சு உங்களுக்குத் தெரியாததா? கடலைச் செடியைப் பிடுங்கினா வேர்ல சின்னச் சின்னதா உருண்டை இருக்குமே, அதுதான். அதுக்குள்ள இருக்கிற பாக்டீரியா காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்குது. நகத்தால கிள்ளிப் பாருங்க. உள்ள இளஞ்சிவப்பா இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். இந்த வசதி வேம்புக்கோ தேக்குக்கோ கிடையாது. புங்கம், அகத்தி, வெள்வேல், சூபாபுல், கிளைரிசிடியா, இதுக்கெல்லாம் உண்டு. அகத்திக்குத் தண்ணி வேணும். சூபாபுல் நெத்து விழுந்து கொல்லை பூரா முளைச்சுத் தொல்லை கொடுக்கும். புங்கம் நல்ல மரம், ஆனா நிதானமா வளரும். நம்ம மானாவாரி வரப்புக்கு, சீக்கிரம் தழை வேணும்னா, கிளைரிசிடியா தோது. மாசி வாக்குல இலை உதிர்த்து இளஞ்சிவப்பாப் பூக்குமே, அந்த மரம். ஆடு மாடு அதோட வாசனைக்கு முதல்ல வாய் வைக்கத் தயங்கும். அதனால வேலிக்கும் ஆகும். வாடவச்சு மத்த தீவனத்தோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து கொடுத்தா பழகிக்கும்.

முக்கியமான விஷயம் இதுதான். மரம் வரப்புல நின்னா மட்டும் வயலுக்கு உரம் ஆகாது. வெட்டி வயல்ல போட்டாத்தான் உரம். வெட்டாம விட்டா அது நிழல். நிழல் விழுந்தா பயிர் போகும். நட்டதோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை அரிவாள் எடுக்கிறவங்களுக்குத்தான் இந்த மரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம கணக்குப் பார்க்கத் தெரிஞ்சவங்க. அதனால இதையும் போட்டுப் பார்ப்போம்.

சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுத்து வரப்பு ஏறக்குறைய 250 மீட்டர். மீட்டருக்கு ஒண்ணுன்னா 250 செடி. நல்லா வேர் பிடிச்ச ஒரு கிளைரிசிடியா வருஷத்துக்கு 5-லிருந்து 10 கிலோ பச்சைத் தழை கொடுக்கும். நடுவாந்தரமா 8 கிலோன்னு வச்சா 2,000 கிலோ, அதாவது ரெண்டு டன். பச்சைத் தழையில முக்கால் பங்கு தண்ணி. காய்ஞ்ச கணக்குல 500 கிலோ. காய்ஞ்ச தழை 100 கிலோவுக்கு ஏறக்குறைய 2.75 கிலோ தழைச்சத்து. ஆக மொத்தம் 13, 14 கிலோ.

இப்ப யூரியா. மூட்டை 45 கிலோ, அதுல 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு மூட்டையில 20 கிலோ சொச்சம். அப்ப ரெண்டு டன் தழையை வெட்டிச் சுமந்து போட்டா கிடைக்கிறது மூணுல ரெண்டு பங்கு யூரியா மூட்டை. மூட்டை 266 ரூபாய் 50 காசு. நம்ம உழைப்புக்குக் கணக்கு 180 ரூபாயைத் தாண்டல.

"இதுக்கா இவ்வளவு பாடு?"ன்னு இங்க யாராவது கேட்டா அது நியாயமான கேள்வி. பதில் சொல்லாம நகரக் கூடாது.

யூரியாவுல தழைச்சத்து தவிர மண்ணுக்குன்னு எதுவும் இல்ல. அது பயிருக்குச் சாப்பாடு. தழை மண்ணுக்குச் சாப்பாடு. அந்த 500 கிலோ காய்ஞ்ச பொருள்தான் டம்ளர்ல பார்த்தோமே, அந்தப் பசையா மாறும். மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் அதுதான் தீனி. யூரியாவைக் காய்ஞ்ச மண்ணு மேல தூவினா ஒரு பங்கு ஆவியாப் போயிடும், பெருமழை வந்தா ஒரு பங்கு தண்ணியோட போயிடும். தண்ணியைப் பிடிச்சு வைக்காத மண் உரத்தையும் பிடிச்சு வைக்காது. மண் சரியானா நீங்க போடுற அதே யூரியா கூடுதலா வேலை செய்யும். பத்து நாள் மழை தள்ளிப் போனா பயிர் தாக்குப் பிடிக்கும். மானாவாரியில அந்தப் பத்து நாள்தான் விளைச்சலா, விதை கூடத் தேறாதாங்கிறதை முடிவு பண்ணுது. அதுக்கு உரக்கடையில விலை போட முடியாது.

அதனால உரத்தை இன்னைக்கே நிறுத்துங்கன்னு நான் சொல்ல வரல. தழை போடப் போட, மண் பரிசோதனை பார்த்து, படிப்படியாக் குறைக்கலாம். இன்னொண்ணும் சொல்லணும். காத்துல இருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற மரத்தால மணிச்சத்தைப் பிடிக்க முடியாது. காத்துல மணிச்சத்து கிடையாது. ஆழத்துல இருக்கிறதை வேர் கொஞ்சம் மேல கொண்டு வரும், அவ்வளவுதான். மண்ணுலயே இல்லைன்னா எருவோ, ஆட்டுக்கிடையோ, கடை உரமோ போட்டுத்தான் ஆகணும்.

நம்மள மாதிரி சின்ன நிலக்காரங்களுக்கு இதுல ஒரு நல்ல சேதி இருக்கு. நிலம் சின்னதா இருந்தா, நிலத்தைப் பார்க்க வரப்பு அதிகம். ஒரு ஏக்கருக்கு 250 மீட்டர் வரப்பு. அரை ஏக்கருக்குப் பாதியாக் குறையாது, ஏறக்குறைய 180 மீட்டர் இருக்கும். அப்ப அரை ஏக்கர்க்காரிக்கு 180 செடி. ஏக்கர் கணக்குல பார்த்தா அவ மண்ணுக்குத்தான் கூடுதல் தழை கிடைக்கும்.

ஏன் வரப்புல?

வயலுக்கு நடுவுலயே வரிசை வரிசையா வச்சா இன்னும் தழை கிடைக்குமேன்னு தோணும். அதைச் செய்து பார்த்தவங்க இருக்காங்க. 1980-களில் நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம், வயலுக்குள்ள மரவரிசை, நடுவுல பயிர்னு ஒரு முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டு போச்சு. ஆராய்ச்சிப் பண்ணையில நல்லா வந்துச்சு. விவசாயிகள்ல பெரும்பாலானவங்க எடுத்துக்கல. மழை குறைஞ்ச இடத்துல மரம் பயிரோட தண்ணிக்குப் போட்டி போட்டுச்சு. வெட்டுற வேலை விதைப்பு, களை வேலையோட மோதுச்சு. உழுறதுக்கும் இடைஞ்சல். நாம அதுல இருந்து எடுத்துக்க வேண்டியது, மானாவாரிக்கு வரப்பே போதும்ங்கிறது. வரப்புச் செடியும் வயல் பக்கம் வேரை நீட்டினா, வரப்பை ஒட்டி ஒண்ணரை, ரெண்டு அடி ஆழத்துக்குச் சின்ன வாய்க்கால் வெட்டி விடுங்க. அது மேல் வேரையும் தடுக்கும், மழைத் தண்ணியையும் நிறுத்தும்.

செய்முறை

பங்குனி, சித்திரையில கிளைரிசிடியா காய் பழுப்பா மாறும். வெடிக்கிறதுக்கு முன்னாடி பறிக்கணும், வெடிச்சா விதை தெறிச்சிடும். விதையை ராத்திரி தண்ணியில ஊற வச்சு, செம்மண், மணல், மக்கின எரு மூணையும் சமமாக் கலந்த பையில ரெண்டு ரெண்டா ஊனுங்க. ஒரு வாரம் பத்து நாள்ல முளைக்கும். முளைச்சதும் தெம்பா இருக்கிற ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை எடுத்துடுங்க. சித்திரையில போட்டா ஆடி மழைக்கு நடத் தயாரா இருக்கும்.

போத்து வெட்டி ஊனினாலும் வரும், சீக்கிரமும் வரும். ஆனா போத்துல வந்த செடிக்கு ஆணிவேர் இருக்காது. மானாவாரிக்கு விதைக் கன்றே நல்லது. கிணத்துப் பாசனம் இருக்கிறவங்க போத்து வைக்கலாம்.

ஒரு அடிக்கு ஒரு அடி குழி, ஒரு கை எரு, நல்லா நனைஞ்ச மண்ணு. வரப்பு பங்காளியோட பொதுவா இருந்தா உங்க பக்கமா உள்ள தள்ளி நடுங்க. நிழல் அவங்க வயல்ல விழுந்து சண்டை வந்தா மரம்தான் முதல்ல போகும். முதல் வருஷம் வெட்ட வேண்டாம். ஆடு கடிக்காம பார்த்துக்குங்க, சுத்திக் களை எடுங்க, போதும்.

அடுத்த வருஷம், ஆடி விதைப்புக்கு முன்னாடி முதல் வெட்டு. இடுப்பு உயரத்துல வெட்டுங்க. ஏணி வேண்டாம், மரம் ஏற வேண்டாம், நின்ன வாக்குல நாமே வெட்டலாம். அதுக்கப்புறம் புரட்டாசி, ஐப்பசியில ஒண்ணு, மாசி, பங்குனியில ஒண்ணு. மழையே இல்லாம மரம் வாடி நிக்கும்போது மட்டும் அரிவாள் வைக்காதீங்க.

வெட்டினதை ஈர மண்ணுல பரப்பி உழுது மூடிடுங்க. காய்ஞ்ச மண்ணு மேல வெயில்ல கிடந்தா சத்துல ஒரு பங்கு காத்துல போயிடும். கிளைரிசிடியா இலை சீக்கிரம் மக்கும். ரெண்டு வாரம் விட்டு விதைக்கலாம். விரல் கனமான குச்சியை மண்ணுக்குள்ள போடாதீங்க. குச்சி மக்கும்போது மண்ணுல இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கும், பயிர் வெளுத்து நிக்கும். குச்சி அடுப்புக்கு, இலை கொல்லைக்கு. வெந்நீர் அடுப்புக்கு இந்தக் குச்சி போச்சுன்னா, வரட்டிக்குப் போன சாணி குப்பைக்குழிக்குத் திரும்பும். இந்த மரத்தால கிடைக்கிற மறைமுக எரு இது.

நெல்லு வயல் இருக்கிறவங்களுக்கு, வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற பசுந்தழை அளவு ஹெக்டேருக்கு 6.25 டன். ஏக்கருக்கு ரெண்டரை டன். வரப்புத் தழையோட புங்கம், வேம்பு, எருக்கும் சேர்த்தா எட்டிடலாம்.

நிலம் யார் பேர்ல?

இனி பேசப் போறது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆனா பொம்பளைங்க கூட்டத்துல பேசாம வேற எங்க பேசுறது?

விதைக்கிறது, களை எடுக்கிறது, அறுக்கிறது நாம. பட்டா பெரும்பாலும் மாமனார் பேர்ல, வீட்டுக்காரர் பேர்ல. குத்தகைக்கு, வாரத்துக்கு ஓட்டுறவங்களும் நம்மள்ல நிறைய. குத்தகை நிலத்துல மரம் வைக்கிறேன்னா நிலத்துக்காரர் பயப்படுவார், "நாளைக்கு மரம் என்னுதுன்னு உரிமை கொண்டாடுவாளோ"ன்னு. பயிர் முடிஞ்சதும் நிலத்தை வாங்கிக்கிட்டா நம்ம உழைப்பும் போகும். அடுத்த வருஷம் இருப்போமான்னு தெரியாத நிலத்துக்கு மூணு வருஷம் கழிச்சுப் பலன் தர்ற வேலையை யார் செய்வா? மண் கெட்டுப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம். இதை அரிவாளால சரி பண்ண முடியாது.

ஆனா சில வழி இருக்கு. இடுப்பு உயர வேலிச் செடின்னா அது மரம்னு கணக்குல வராது, வேலின்னு சொல்லிச் சம்மதம் வாங்குறது சுலபம். குத்தகை பேசும்போதே வாய்ப்பேச்சா விடாம மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு எழுதி வாங்கப் பாருங்க. தனியாப் போய்க் கேட்டா கிடைக்காதது, குழுவா நாலு பேர் போய்க் கேட்டா கிடைக்கும். கடனுக்கு வங்கி மேலாளர் முன்னாடி நின்னு பேசினவங்க நாம, நிலத்துக்காரர் முன்னாடி பேச முடியாதா? அதுவும் முடியலைன்னா, குத்தகைக் கொல்லையில மரத்தை விட்டுட்டு, கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு மாதிரி ஒரே பருவத்துல மடக்கி உழுற பயிரைப் போடுங்க. அதுல நட்டம் வராது.

இன்னொரு சங்கடம் வேலை. தழை வெட்டுறது, சுமக்கிறது, பரப்புறது எல்லாம் கடைசியில நம்ம தலையிலதான் விழும். மண்வளம்னு சொல்லிப் பொம்பளைக்கு இன்னொரு வேலையைச் சேர்த்து வைக்க எனக்கு மனசு வரல. அதனால ரெண்டு கோரிக்கை. வீட்டு ஆம்பளைங்களும் அரிவாள் எடுக்கணும். குழுவுல முறை வச்சு, இன்னைக்கு உங்க கொல்லை, நாளைக்கு எங்க கொல்லைன்னு சேர்ந்து வெட்டணும். தனியா செஞ்சா சுமை. பத்து பேர் சேர்ந்தா பேசிக்கிட்டே முடிஞ்சிடும்.

தானா முளைச்சதைக் காப்பாத்துங்க

எல்லாத்துக்கும் நாற்றங்கால் வேணும்னு இல்ல. ஆப்பிரிக்காவுல நைஜர்னு ஒரு நாடு. நம்மளவிட மழை கம்மி, பாலைவனத்து ஓரம். அங்க மராடி, சிந்தர் பகுதிகள்ல 1980-களின் நடுவுல இருந்து விவசாயிகள் புதுசா நடுறதைவிட, வெட்டுப்பட்ட பழைய அடிமரத்துல தானா துளிர்க்கிறதைக் கவாத்து பண்ணி விட்டு வளர்த்தாங்க. இப்படி சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்துல மரம் திரும்பி வந்துச்சு. நம்ம கொங்குப் பக்கம் காங்கயம், தாராபுரத்துல கொறங்காடுன்னு வச்சிருக்காங்க. கிளுவை வேலி, உள்ள வெள்வேல், கீழ கொழுக்கட்டைப் புல். மாடு மேயும், நெத்தைத் தின்னும், சாணி அங்கேயே விழும். மரமும் மாடும் மண்ணும் ஒண்ணுக்கு ஒண்ணு கொடுத்துக்கும்.

நம்ம கொல்லையிலயும் பறவை போட்ட வேப்பங்கன்று, வெள்வேல் கன்று எத்தனையோ முளைக்குது. உழும்போது எல்லாத்தையும் புரட்டிடுறோம். வரப்போரம் முளைச்சதுல பத்துல ரெண்டையாவது ஒரு குச்சி ஊனி அடையாளம் வச்சு, டிராக்டர்காரர்கிட்ட சொல்லி விடுங்க.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

2014-ல வேளாண் காடுகளுக்குன்னு தேசியக் கொள்கை கொண்டு வந்த முதல் நாடு இந்தியா. தமிழ்நாட்டுல நீடித்த பசுமைப் போர்வை இயக்கம்னு ஒரு திட்டம் 2021-22-ல அறிவிச்சாங்க. வரப்புல வைக்க ஏக்கருக்கு 50 கன்று, வயல்ல வைக்க ஏக்கருக்கு 160 கன்றுன்னு இலவசமாக் கொடுக்கிற திட்டம். உழவன் செயலியில பதிவு பண்ணலாம். ஆனா அது பெரும்பாலும் தேக்கு, மகோகனி மாதிரி பண மரம். அதை வாங்குங்க, வேண்டாம்னு சொல்லல. அதுக்கு இடையில வைக்க வேண்டிய தழைச் செடியை நாமதான் வளர்த்துக்கணும்.

ஒரு குழுவுல 12 பேர், ஆளுக்கு அரை ஏக்கர்னு வைங்க. ஆளுக்கு 180 கன்று. மொத்தம் 2,160. இதுக்கு விதை, பை, எரு, நிழல் பந்தல் தவிரப் பெரிய செலவு கிடையாது. ஊராட்சிக்கு ஒரு குழு சித்திரையில நாற்றங்கால் போடட்டும். மத்த குழு அவங்ககிட்ட வாங்கட்டும். பணம் நமக்குள்ளேயே சுத்தும். நட்ட எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்துல எழுதுறதோட நிறுத்தாம, அடுத்த ஆடியில உயிரோட இருக்கிற எண்ணிக்கை எவ்வளவு, எத்தனை பேர் வெட்டி வயல்ல போட்டாங்கன்னும் எழுதுங்க. நட்ட கணக்கு மட்டும் எழுதினா அது போட்டோவுக்கு ஆகும், மண்ணுக்கு ஆகாது.

மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்துல மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்க. வரப்போரம், மரத்தடி, குப்பை கொட்டின இடம் வேண்டாம். கொல்லையில பத்து, பதினஞ்சு இடத்துல ஆறு அங்குல ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, அதுல அரை கிலோ போதும். கரிம வரி மெதுவாத்தான் ஏறும், ஒரே வருஷத்துல எதிர்பார்க்காதீங்க. இடையில வருஷா வருஷம் டம்ளர் சோதனை பண்ணிப் பாருங்க. எந்த வருஷம் கொல்லை நடுவுல எடுத்த கட்டி கரையாம நிக்குதோ, அந்த வருஷம் உங்க மண் தேறிடுச்சுன்னு வச்சுக்கலாம்.

சேமிப்புப் பழக்கம் நமக்குப் புதுசு இல்ல. மாசத்துக்கு ஒரு தடவை சந்தா கட்டுறதுக்குப் பதிலா, வருஷத்துக்கு மூணு தடவை ஒரு சுமை தழை. வர்ற சித்திரையில எந்தக் குழு முதல் நாற்றங்கால் போடப் போகுதுன்னு இன்னைக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடியே பேர் கொடுத்துடுங்க. விதை பறிக்க இடம் தெரியாதவங்க என்கிட்ட கேளுங்க, கூட வர்றேன்.